பசியாவரத்துக்குக் கொண்டுபோன பொய்

ஏழுமலையின் எடை நாற்பத்தெட்டு கிலோ. விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு நானே நிறுத்துப் பார்த்து எழுதினேன். கட்டடச் சாரத்திலிருந்து விழுவதற்கு முன் எழுபது கிலோ இருந்தாராம். மீதி இருபத்திரண்டு கிலோ ஐந்து மாதத்தில் எங்கள் கண்ணெதிரே கரைந்து போயிற்று.

நான் கிள்ளானில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் தாதி. பெயர் எஸ்தர், வயது ஐம்பத்தெட்டு. ஏழுமலை பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் என்ற தீவு கிராமத்து மீனவர். ஏரியில் மீன் குறைந்து, கடலுக்குப் போகும் முகத்துவாரமும் மணல் அடைத்துக் கிடந்த ஒரு வருடத்தில் கட்டட வேலைக்கு மலேசியா வந்தவர். நாலாவது மாடிச் சாரம் சரிந்ததில் முதுகுத்தண்டு போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனி வராது என்று எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் மனைவிக்குத் தெரியாது.

"கால்ல அடி, சரியாய்டும்னு சொல்லி வெச்சிகிறேன்க்கா. நீயும் அப்டியே சொல்லிடு" என்று கேட்டுக்கொண்டார். சொன்னேன். அவர் வீட்டோடு வீடியோவில் பேசும்போதெல்லாம் மார்புக்கு மேலே மட்டும் தெரியும்படி கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான்.

எனக்கென்று தனியாக இன்னொரு பொய்யும் இருந்தது. தினமும் காலையில் அவரைப் புரட்டிப் போட்டு முதுகைத் துடைக்கும்போது, "கடவுள் கைவிட மாட்டார், தம்பி" என்பேன். முப்பது வருடமாக எல்லா நோயாளிகளிடமும் சொல்லிவந்த வாக்கியம். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் என் மகன் சாமுவேல் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளோடு லாரிக்கு அடியில் போனபிறகு நான் ஜெபம் செய்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவேன். எல்லாரும் எழுந்தால் எழுவேன், பாடினால் உதட்டை அசைப்பேன். வாக்கியம் மட்டும் வேலை நேரத்தில் பழக்கத்தால் வாயில் வந்துகொண்டிருந்தது. ஏழுமலை அதைக் கேட்கும்போதெல்லாம் கண்ணை மூடி, "ஆமாக்கா" என்பார்.

அவரை ஊரில் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு தாதி வேண்டும் என்று எங்கள் போதகர் கேட்டபோது, மாட்டேன் என்று சொல்ல எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

முதல் நாள். சென்னையிலிருந்து ஒரு வேனில் பின் இருக்கைகளைக் கழற்றி மெத்தை போட்டு அவரைப் படுக்கவைத்தோம். என் தாத்தா விட்டுப்போன நாட்டுக்கு நான் வருவது இதுதான் முதல் தடவை. ஆனால் வெளியே பார்க்க நேரமில்லை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பொன்னேரியில் இட்லி வாங்கினோம். மூன்று இட்லிக்கு ஒரு வாளி சாம்பார் என்று தோன்றும் அளவுக்கு ஊற்றிக் கொடுத்தார்கள். ஏழுமலை ஒன்றரை இட்லி தின்றார். அவர் அவ்வளவு சாப்பிட்டு நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் டயர் வெடித்தது. வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும், ஆளை இறக்குங்கள் என்றார் ஓட்டுநர். எங்கள் ஊர் நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் விளக்கை மினுக்கிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். யாரும் நிற்கமாட்டார்கள். இங்கே ஐந்து நிமிடத்தில் வயலிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். கேட்காமலே அவரைத் தூக்கி வேப்பமரத்தடியில் ஒரு சாக்கின்மேல் படுக்கவைத்தார்கள். கேள்விகளையும் விடவில்லை. எந்த ஊரு, எப்டி ஆச்சு, எத்தினி புள்ளைங்க, கம்பெனிக்காரன் இன்னா சொல்றான். நாற்று நட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா சேற்றுக் காலோடு வந்து ஒரு சொம்பு மோர் கொடுத்தார்.

"ஈஸ்வரன் உன்ன வுட்ற மாட்டான்பா" என்றார் அந்த அம்மா.

"எங்க அக்காவும் அத்தத்தான் சொல்லுது" என்று ஏழுமலை என்னைக் காட்டினார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன்.

"பசியாவரம்னா போட்ல இல்ல போவணும்? இவர எப்டி ஏத்துவீங்க?" என்று ஒருவர் கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மருந்து, குழாய், பை, கையுறை என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டிருந்தேன். படகைப் பற்றி நினைக்கவே இல்லை.

பழவேற்காட்டுப் படகுத்துறையில் ஏழுமலையின் அண்ணன் கோதண்டம் காத்திருந்தார். ஏரிக்குள் பாலத்துக்கான தூண்கள் எழும்பியிருந்தன, மேலே நடந்து போக இன்னும் வழியில்லை. கோதண்டம் வேனின் பின்கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு போர்வைக்கடியில் இரண்டு கால்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தார். கடலில் உழைத்த ஆளுக்கு உடம்பைப் பற்றி விளக்கிச் சொல்லத் தேவையில்லை போலிருக்கிறது.

"டேய்" என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மஞ்சுவுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாதுங்க."

அவர் கரையில் குந்தி, ஏரித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். மூன்று முறை.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏழுமலையை உட்காரவைத்து, லுங்கியால் இடுப்போடு கட்டி, நாலு பேராகப் படகில் ஏற்றினார்கள். தண்ணீர் வற்றியிருந்த நேரம். நடு ஏரியில் படகு சேற்றில் தட்டி நின்றது. ஆண்கள் இறங்கி, முழங்காலளவு தண்ணீரில் தள்ளினார்கள். எங்கள் கிள்ளானுக்கு எதிரிலும் ஒரு மீனவத் தீவு உண்டு. விசைப்படகில் ஏறினால் குளிர்சாதன அறையில் உட்கார்ந்தபடியே போய் இறங்கிவிடலாம். இங்கே ஒரு மனிதரை வீட்டில் சேர்க்க நாலு பேர் ஏரியைக் காலால் அளக்க வேண்டியிருந்தது. ஏழுமலை மட்டும் சந்தோஷமாக இருந்தார். "அந்தாண்ட வுடுணா, இந்தாண்ட ஆழம் இல்ல" என்று அண்ணனுக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார்.

கரையில் மஞ்சுளா நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். புதுப் புடவை, தலை நிறையப் பூ. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் மகள் கீதா. ஆறாவது படிக்கிறாள். படகு தட்டியதும் அந்தப் பெண் தண்ணீருக்குள் ஓடிவந்தாள்.

"நைனா!"

ஏழுமலை மனைவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கீதா குனிந்து அவர் உள்ளங்காலில் விரலால் கிச்சுக்கிச்சு மூட்டினாள். அவர்களுக்குள் இருந்த பழைய விளையாட்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். வழக்கமாக அவர் துள்ளி அவளை உதைப்பதுபோல் பாசாங்கு செய்வாராம். இப்போது அவர் மஞ்சுளாவைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தார். கீதா மறுபடியும் செய்தாள். நகத்தால் கீறினாள்.

"நைனா, கூசலயா?"

ஏழுமலை குனிந்து மகளின் கையைப் பார்த்தார். அப்போதுதான் அவள் தன் காலைத் தொட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. மஞ்சுளா அதைப் பார்த்தார். கணவர் முகத்தைப் பார்த்தார். காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பி, வீட்டைப் பார்த்து நடந்தார். பூ பாதி வழியில் அவிழ்ந்து மணலில் விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

இரண்டாம் நாள் முழுக்க மஞ்சுளா யாரோடும் பேசவில்லை. ஆனால் வேலை எதுவும் நிற்கவில்லை. காலையில் எனக்கு இட்லியும் முந்தின நாள் மீன்குழம்பும் வைத்தார். எங்கள் ஊரில் காலை உணவைப் பசியாறுதல் என்போம். "பசியாறியாச்சா?" என்பதுதான் எங்கள் வணக்கம். பசியாவரம் என்று முதலில் கேட்டபோது இந்தப் பெயரில் ஓர் ஆசீர்வாதம் இருக்கிறது என்று நினைத்தேன். அந்த வீட்டில் அன்று நான் மட்டும்தான் சாப்பிட்டேன். மத்தியானம் இறால் தொக்கு, நண்டு. அவ்வளவு ருசியான நண்டை நான் தின்றதில்லை, அவ்வளவு வெட்கத்தோடும் தின்றதில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் வந்து நின்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "மூணு வேளையும் ஆளு வேணும் போல." "இவ ஏலத்துக்குப் போவாளா, இவர பாத்துப்பாளா?" மஞ்சுளா தினமும் படகுத்துறை ஏலத்தில் மீன் எடுத்துப் பொன்னேரியில் விற்பவர். வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். ஏழுமலை சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முதுகின் கீழே, எலும்பு துருத்தும் இடத்தில், பயணத்தில் தோல் சிவந்திருந்தது. அமுக்கிப் பார்த்தேன். சிவப்பு மறையவில்லை. படுக்கைப்புண்ணின் ஆரம்பம். ஐந்து மாதம் வராமல் நான் பார்த்துக்கொண்டது, ஒரே நாளில் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை மஞ்சுளா வீட்டுக்குப் பின்னால் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"நர்சம்மா, ஒண்ணு கேக்குறேன், நேரா சொல்லு. எழுந்து நடப்பாரா?"

"இல்ல."

"ஒரு வருசம் கழிச்சி?"

"இல்லம்மா."

அரிவாள்மணையில் மீன் ஓடிக்கொண்டே இருந்தது. "அவுரு பொய் சொன்னாரு, செரி. பொண்டாட்டிக்குப் பயந்துகினு சொன்னாரு. உனுக்கு இன்னா வந்துச்சி?"

அடுத்த மீனை எடுத்துச் செதிலைச் சுரண்டினார்.

"நாலு மாசமா கங்கம்மாவுக்கு வெளக்கு போட்டுகினு இருந்தேன், கால் சரியாவணும்னு. வெள்ளிக்கெழம தவறாம ஒருவேள சாப்டாம இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் உள்ளத சொல்லியிருந்தா உசுரு இருந்தா போதும் தாயேன்னு கேட்டிருப்பேன்ல? மனசத் தேத்திகினு இருப்பேன்ல? தப்பான வேண்டுதல வெக்க வெச்சிட்டீங்களே!"

முப்பது வருடத்தில் எத்தனையோ நோயாளிகளின் உறவினர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எதுவும் இப்படி உள்ளே போய்க் குத்தியதில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை அலம்பிக்கொண்டு எழுந்தார். "இன்னா செய்யணுமோ காட்டு" என்றார்.

காட்டினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது, முழங்கால்களுக்கு நடுவே தலையணை, சிறுநீர்க் குழாயை, கொதிக்கவைத்து ஆறின தண்ணீரில் சுத்தம் செய்வது. மஞ்சுளா கோபத்தோடுதான் செய்தார். வலை இழுப்பதுபோல் இழுத்துப் புரட்டினார். ஏழுமலை, "மஞ்சு, மெதுவா" என்றால், "அதான் வலிக்காதுல்ல?" என்றார். சொன்ன மறு நொடி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். ஏழுமலை கூரையைப் பார்த்தபடி கிடந்தார். நான் பழக்கப்படி அந்த வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

அன்று சாயங்காலம் கோதண்டம் வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். "நாளன்னிக்கி நம்ம பாடுடா. ஒம் பேரு இன்னும் ஊரு கணக்குல கீது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் சபையில் பாடு என்றால் சிலுவைப் பாடுதான். இங்கே ஏரியில் வலை கட்டும் இடங்களை ஊரார் முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள், அப்படி ஒருவருக்கு வரும் முறைக்குத்தான் பாடு என்று பெயராம். ஏழுமலையின் பாடு வந்துவிட்டது, போவதற்கு உடம்பு இல்லை. ஊரில் பேசிப் பார்க்கிறேன், உன் முறைக்கு நான் போகிறேன் என்று அண்ணன் சொல்ல, ஏழுமலை முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். ஐந்து மாதத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அந்தப் பாடும் நடக்கவில்லை. நாலாம் நாள் காலையிலிருந்து காற்று திசை மாறி, ஏரி கலங்கிக் கறுத்தது. புயல் சின்னம், யாரும் தொழிலுக்குப் போகக்கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஐந்தாம் நாள் விடிந்தபோது தண்ணீர் வீட்டு வாசற்படியைத் தொட்டுவிட்டது. எல்லாரும் பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்றார்கள்.

வந்தபோது தண்ணீர் இல்லாமல் தட்டிய அதே ஏரி இப்போது படகைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஏழுமலையை நாற்காலியில் வைக்க முடியாது. படகின் அடியில் படுக்கவைத்து, மேலே தார்ப்பாய் போர்த்தி, மஞ்சுளாவும் கீதாவும் இரண்டு பக்கமும் அதன்மேல் படுத்துக்கொண்டார்கள். மழை ஊசியாகக் குத்தியது. யாரோ ஒரு பெண் தாயே தாயே என்று கத்திக்கொண்டே வந்தார். இன்னொருவர் ஏசுவே என்றார். எனக்கு எந்தப் பெயரும் வரவில்லை. சாமுவேல் லாரிக்கு அடியில் கிடந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது என்று போலீஸ்காரர் சொன்னது மட்டும் நினைவில் ஓடியது.

அக்கரையில் இறங்கும்போது என் கால் வழுக்கியது. கணுக்காலில் ஏதோ முறிந்ததுபோல் சத்தம். அந்தக் காலை ஊன்றப் பார்த்தேன், முடியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆண்கள் ஏழுமலையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். மஞ்சுளா திரும்பிப் பார்த்தார். கீதாவைக் கோதண்டத்தோடு அனுப்பிவிட்டு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு என்னிடம் வந்து, முதுகைக் காட்டிக் குனிந்தார்.

"ஏறு."

"நான் எழுபது கிலோவுக்கு மேலம்மா. வேண்டாம்."

"மீன் கூடை தூக்குற முதுகுதான். ஏறுன்னா ஏறு!"

ஏறினேன். ஆயுள் முழுக்கப் பிறரைத் தூக்கியவள், நான் ஏமாற்றிய ஒரு பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கரையேறினேன். அவர் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். மழையில் பாதிதான் காதில் விழுந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு ஏழுமலையைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்துப் பெஞ்சில் என்னைக் கிடத்தினார்கள். தாதியும் நோயாளியும் பக்கத்தில் பக்கத்தில். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. கரும்பலகையில் யாரோ போட்ட பின்னக் கணக்கு பாதியில் நின்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு சாம்பார் சாதப் பொட்டலம் வந்தது. ஏழுமலை தொடவில்லை. அவர் நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது. நனைந்த பஞ்சை எடுத்துவிட்டுப் புண்ணைப் பார்த்தேன். தோல் திறந்துவிட்டது. என் மருந்துப் பை படகில் நனைந்து போயிருந்தது. ஆம்புலன்ஸ் கேட்டோம். சாலையில் தண்ணீர், வடிந்தால்தான் வர முடியும் என்றார்கள்.

மஞ்சுளா வெந்நீர் தேடிப் போனார். மாலை நாலு மணிக்கே அறை இருண்டிருந்தது. என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். கடவுள் கைவிட மாட்டார்னு தினமும் உங்ககிட்ட சொன்னேனே, நான் அதை நம்பிச் சொல்லல."

"தெரியும்க்கா" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"சொல்லும்போது ஜன்னலப் பாத்துகினு சொல்லுவ."

"அப்புறம் ஏன் ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டீங்க?"

அவர் உதடு காய்ந்திருந்தது. மெதுவாகத்தான் பேசினார். "வேற யாரு கீறாங்க எனுக்கு? பாஷ தெரியாத ஊர்ல மல்லாந்து கெடந்தேன். யாராவது இருக்கணுமேன்னு நெனச்சிகினேன். இருக்கானான்னு இப்பவும் தெரியலக்கா. இல்லன்னு வெச்சிகினா காலைல கண்ண தொறக்க முடியல, அவ்ளோதான்." என் பக்கம் தலையைத் திருப்பி, "ஒம் பையன் போய்ட்டான்னு அந்த நேபாளி புள்ள சொல்லிச்சி. அன்னிலேர்ந்து உனுக்கும் சேத்துதான் கேட்டுகினு இருந்தேன்" என்றார்.

எங்கள் இல்லத்தில் தரை துடைக்கும் அந்த நேபாளப் பெண்ணிடம் நான் எப்போதோ ஒருமுறை சொன்னது. ஐந்து மாதம் ஒவ்வொரு காலையும் நான் வெறும் வார்த்தையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அந்த நாற்பத்தெட்டு கிலோ உடம்பு அதை வாங்கிக்கொண்டு, எனக்காக வேண்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. ஆறுதலாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. திருடிக் கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல் இருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். சாமுவேலை அடக்கம் செய்த அன்றுகூட அப்படி அழவில்லை.

ஆம்புலன்ஸ் மறுநாள் மத்தியானம்தான் வந்தது. அதற்குள் ஏழுமலை பிதற்ற ஆரம்பித்துவிட்டார். அண்ணனைக் கூப்பிட்டு வலையை இழு, வலையை இழு என்றார். பொன்னேரி போகும்வரை மஞ்சுளா அவர் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். உணர்ச்சி இல்லாத காலைத் தேய்த்து என்ன பயன் என்று நான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் எட்டு நாள். நான் ஊன்றுகோலோடு, திரும்பும் தேதியைத் தள்ளிப்போட்டு, அங்கேயே கிடந்தேன். எனக்கு எலும்பு முறியவில்லை, தசைநார் கிழிந்ததுதான். மூன்றாம் நாள் ஏழுமலைக்கு மிக மோசமாக இருந்தது. டாக்டர் அம்மா மஞ்சுளாவிடம் கையெழுத்து வாங்கினார். மஞ்சுளா எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. "இன்னா கேக்குறதுன்னே தெரியல நர்சம்மா, மறுபடியும் தப்பா கேட்டுடப் போறேன்" என்றார். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. எட்டாம் நாள், நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிப் போகலாம், புண் ஆற மாதக்கணக்கில் ஆகும், ஆறாமலும் போகலாம் என்றார் டாக்டர். முக்கியமாகப் படுக்கை ஈரமில்லாமல் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டைத் தயார் செய்ய மஞ்சுளாவும் நானும் பசியாவரம் போனோம். கோதண்டம் படகில் கொண்டுபோய் விட்டுவிட்டு, தன் வீட்டைப் பார்க்கப் போனார்.

கதவு ஒருபக்கம் சாய்ந்து திறந்தே கிடந்தது. உள்ளே கணுக்காலளவு சேறு. சுவரில் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு. கிள்ளானிலிருந்து நான் கொண்டுவந்த மெத்தை, தண்ணீர் குடித்து ஊதிப்போய் மூலையில் கிடந்தது. கீதாவின் புத்தகங்கள் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. அரிசி டிரம்மைத் திறந்ததும் மஞ்சுளா மூக்கைப் பொத்திக்கொண்டு மூடினார். நாளை மதியம் திறந்த புண்ணோடு ஒரு மனிதர் இங்கே வந்து படுக்க வேண்டும்.

மஞ்சுளா சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் கவிழ்ந்து கிடந்த ஒரு வாளியின்மேல் உட்கார்ந்தேன். வெளியே யாரோ ஆடு ஒன்றைத் தேடிக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

"நர்சம்மா" என்றார் மஞ்சுளா. "நீங்க கண்ண மூடிகினு சத்தமா வேண்டுவீங்கல்ல, அதுமாரி வேண்டு. எனுக்கு வரல. எந்தச் சாமியா இருந்தாலும் பரவால்ல."

முடியாது என்று சொல்ல நினைத்தேன். எனக்கும் இரண்டு வருடமாக வரவில்லை என்று சொல்ல நினைத்தேன். அவர் சேற்றுக் கைகளைக் கூப்பிக் கண்ணை மூடிவிட்டார். நானும் மூடினேன். சிறுவயதிலிருந்து மனப்பாடமான ஜெப வார்த்தைகள் எத்தனையோ உண்டு. ஸ்தோத்திரம், மகிமை, துதி. ஒன்றுகூட அந்த அறைக்குள் வரவில்லை. சேற்று நாற்றமும், மஞ்சுளா மூச்சு விடும் சத்தமும்தான் இருந்தன.

"ஆண்டவரே" என்றேன். "எங்களால முடியல."

அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. "எங்களால முடியல" என்று மறுபடியும் சொன்னேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அதைச் சொன்னபோது நான் எந்த ஜன்னலையும் பார்க்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். யாரோ கேட்கிறார்கள் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

மஞ்சுளா கண்ணைத் திறந்தார். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"இது தப்பான வேண்டுதல் இல்ல" என்றார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்து, சேற்றில் புதைந்திருந்த கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தைப் பிடித்தார்.

"எழுந்திரு. அந்தாண்ட நீ புடி."

ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, நொண்டிக்கொண்டே போய்க் கால்மாட்டைப் பிடித்தேன். முதல் இழுப்பில் கட்டில் அசையவில்லை. இரண்டாவது இழுப்பில் சேறு சத்தம் போட்டுக்கொண்டு அதை விட்டது. வாசல் வழியாகத் தூக்கிப் போய், மீதமிருந்த வெயிலில் காய வைத்தோம்.